ஒரு நம்பர் பெரிசாக

அந்தக் காலணிக் கடையில் எல்லோரும் அவரை முகத்துக்கு நேரே அண்ணன் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் முழங்கால் என்பார்கள். பத்தொன்பது வருஷமாக வாடிக்கையாளர்களின் காலடியில் மண்டியிட்டே பிழைப்பு நடத்துகிறவருக்கு வேறு என்ன பெயர் விழும்? அவருடைய கால்சட்டைகள் முட்டியில்தான் முதலில் நைந்துபோகும். அதனால் அவர் மனைவி புதுக் கால்சட்டைத் துணி எடுக்கும்போதே முட்டிக்கு உள்பக்கம் ஒட்டுத்துணி வைத்துத் தைத்துக் கொடுத்துவிடுவார். போதாக்குறைக்கு விடிந்ததும் வீட்டில் அரைமணி நேரம் முழங்காலில் நின்று ஜெபம் செய்கிறவர் வேறு. நாமும் முழங்காலார் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்குத் தெரியாத பெயரும் இல்லை, அதற்காக அவர் கோபித்துக்கொண்டதும் இல்லை.

கடையின் முதலாளியம்மாவுக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் அதைக் காட்டிக்கொண்டால் ஆள் தலைக்குமேல் ஏறிவிடுவார் என்று பயம். கணவர் போனபின் ஏழு வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்து கடையை நடத்துகிறவர். கல்லா மேசை தரையிலிருந்து ஒரு படி உயரம். அங்கிருந்து பார்த்தால் வேலை செய்கிறவர்களின் உச்சந்தலைதான் தெரியும். முழங்காலாரின் வழுக்கை எத்தனை விரற்கடை வளர்ந்திருக்கிறது என்று அவர் மனைவியைவிட முதலாளியம்மாவுக்குத் துல்லியமாகத் தெரியும்.

சும்மா சொல்லக்கூடாது, தொழிலில் மனிதர் கெட்டிக்காரர். ஆள் வாசற்படி ஏறும்போதே நம்பரைச் சொல்லிவிடுவார். ஷூவை மாட்டி, நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "ரெண்டடி நடந்து பாருங்க. கடிக்குதா?" என்று கேட்பார். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் பத்தொன்பது வருஷமாகப் பேசிவந்தார் என்று சொன்னாலும் பெரிய பொய் ஆகாது. அப்படி ஒரு கூச்ச சுபாவம். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

வினை அங்கேதான் வந்தது. அவர் போகும் சபை, ஊருக்கு வெளியே இருந்த கல்குவாரியில் ஒரு சிறுவர் ஊழியத்தைத் தாங்கிவந்தது. அங்கே கல் உடைக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு தகரக் கொட்டகையில் சாயங்காலம் பாடமும் ஞாயிற்றுக்கிழமை பாட்டும் வேதாகமக் கதையும் சொல்லிக்கொடுத்தார் ஒரு பெண். எல்லோருக்கும் அவர் டீச்சரக்கா. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முழங்காலாரும் அங்கே போய்விடுவார். பாடமாட்டார், கதை சொல்லமாட்டார். பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்துக் காலில் ஏறிய கல் துணுக்கைக் கிள்ளி எடுத்து மருந்து போடுவார். அவருக்குத் தெரிந்த ஊழியம் அது.

இந்த ஊழியத்துக்குத் தெரிந்தவர்களிடம் ஆதரவு திரட்டுங்கள் என்று சபையார் ஆளுக்கு ஒரு வேண்டுகோள் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்கள் ஒரே மாதத்தில் ஆள் பிடித்துவந்தார்கள். முழங்காலார் கடிதத்தைச் சட்டைப்பையில் மூன்று மாதம் சுமந்தார். யாரிடமும் நீட்டவில்லை. கடைசியில் அது சட்டையோடு சேர்ந்து துவைபட்டுக் கூழாகி வந்தது.

"எழுத்துதான் போச்சு, சட்டை பளிச்சுன்னு இருக்கு," என்றார் மனைவி.

அந்த வருஷம் கல்குவாரிப் பிள்ளைகள் நாற்பத்தொரு பேர் பள்ளியில் சேரத் தயாராகியிருந்தார்கள். போன வருஷம் ஒன்பது பேர் சேர்ந்து, இரண்டாம் மாதத்திலேயே ஒன்பது பேரும் நின்றுவிட்டார்கள். படிப்பு வராமல் அல்ல. குவாரியிலிருந்து பள்ளிக்குப் போகும் வழி முழுக்க உடைந்த கல். வெறுங்காலோடு நடந்து நடந்து காயம் சீழ் பிடித்து வீட்டோடு கிடந்தார்கள். தலைமையாசிரியை கறாரான பெண்மணி. டீச்சரக்காவிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"நாப்பத்தொரு இடம் பிடிச்சு வைக்கிறேன். பள்ளிக்கூடம் திறக்கிற திங்கக்கிழமை அத்தனை பேரும் கால்ல ஷூவோட வரணும். வரலன்னா வெளிய காத்துக்கிட்டிருக்கிறவங்களுக்குக் குடுத்துடுவேன். என்மேல வருத்தப்படக் கூடாது."

டீச்சரக்கா இதை வந்து முழங்காலாரிடம் சொன்னார். மறுநாள் அவர் கடையில், பெட்டி சுற்றும் பழுப்புத் தாளில் ஒரு கட்டு கேட்டு வாங்கிக்கொண்டார். வார நாளில் அவருக்கு விடுப்பு கிடையாது என்பதால் அளவெடுக்கும் வேலையை டீச்சரக்காவிடம் ஒப்படைத்தார். சாயங்காலம் எடுக்க வேண்டும், அப்போதுதான் கால் முழு அளவில் இருக்கும். நிற்கவைத்து எடுக்க வேண்டும். இரண்டு காலும் எடுக்க வேண்டும். இதை மூன்று தடவை சொல்லி அனுப்பினார்.

நாற்பத்தொரு தாள் வந்தது. ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு ஜோடிக் கால். டீச்சரக்கா யாரும் கேட்காமலே இன்னொன்றும் செய்திருந்தார். பிள்ளையின் காலில் எங்கெங்கே தழும்பு இருந்ததோ, தாளில் அங்கங்கே சிறிதாக ஒரு பெருக்கல் குறி. சில தாளில் இரண்டு மூன்று. ஒரு தாளில் பதினாறு.

முழங்காலார் தாள்களைப் பார்த்தார். வயசுக்குக் கால் கொஞ்சம் பெரிதாகத்தான் பட்டது. செருப்பே போடாத கால் விரிந்துதான் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு தாளின் மூலையிலும் நம்பர் எழுதினார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கல்லாவில் உட்கார்ந்தபடி முதலாளியம்மா பார்த்தார். ஒரு தாய் தன் மகனுக்குப் பள்ளி ஷூ வாங்க வந்திருந்தாள். பையனுக்கு மாட்டி, நடக்கவிட்டு, கடிக்கிறதா என்று கேட்டு முடித்தபின் முழங்காலார் எழுந்திருக்கவில்லை. சட்டைக்குள்ளிருந்து ஒரு பழுப்புத் தாளை எடுத்து, பையனின் புது ஷூவுக்குப் பக்கத்தில் தரையில் விரித்தார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"இந்தக் காலுக்கும் ஒண்ணு பாக்கலாமாம்மா?"

அவள் குனிந்தாள். "யாரு கால் இது?"

"கல்குவாரியில ஒரு பிள்ளை. உங்க பையன் வயசுதான்."

"இந்தப் பெருக்கல் குறியெல்லாம் என்ன?"

"கல்லு குத்துன இடம்."

அவ்வளவுதான் பேச்சு. அவள் தாளைத் தரையிலிருந்து எடுத்துக்கொண்டாள். பிறகு கல்லாவுக்கு வந்து, "ரெண்டு ஜோடிக்குப் போடுங்க," என்றாள்.

முதலாளியம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனிதர் வாய் திறந்தாரா? மூன்று மாதம் கடிதத்தை ஊறப்போட்டவரா? முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாதவருக்குக் காலைப் பார்த்துக் கேட்க வருகிறது என்பது அவருக்குப் பிறகுதான் புரிந்தது. ஆனாலும் முதலாளி முதலாளிதானே. கூட்டம் குறைந்ததும் கூப்பிட்டார்.

"அண்ணே, கடைக்கு வர்றவங்கள இப்படி மடக்கினா நாளைக்கு எவன் படியேறுவான்?"

"அவங்க வாங்க வந்தத வாங்கின பிறகுதாம்மா கேட்டேன். வேணாம்னா வேணாம்."

"வேணாம்னு சொன்னா மூஞ்சிய தூக்கி வச்சுக்கக் கூடாது."

"நான் மூஞ்சியவே பாக்கறதில்லம்மா," என்றார் முழங்காலார். அது உண்மைதான்.

அடுத்த ஐந்து வாரம் கடையில் நடந்ததை முதலாளியம்மா இன்னும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். விறைப்பான ஒரு போக்குவரத்துக் காவலர் பூட்ஸ் வாங்க வந்து, விலையில் அரைமணி நேரம் வாக்குவாதம் செய்தார். அவர் பதினாறு குறி இருந்த தாளை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குறியாக விரலால் தொட்டு எண்ணினார். பிறகு மறுபேச்சில்லாமல் அந்த ஜோடியை எடுத்தார். ஒரு லாரி ஓட்டுநர் தனக்குச் செருப்பே வேண்டாம், பழசைத் தைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அந்தக் காசில் ஒரு தாளுக்கு ஷூ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். ஒரு பல் மருத்துவர் தாளை வாங்கிக்கொண்டு போய்த் தன் காத்திருப்பு அறையில் ஒட்டிவைத்தார். அதைப் பார்த்து முன்பின் தெரியாத நாலு பேர் கடையைத் தேடிக்கொண்டு வந்தார்கள். வேண்டாம் என்றவர்களும் உண்டு. அவர்களுக்கும் முழங்காலார் அதே மரியாதையோடு கதவைத் திறந்துவிட்டார்.

முதலாளியம்மாவுக்கும் கடவுளுக்கும் இருந்த பழக்கம் பக்கத்து வீட்டுக்காரரோடு இருக்கும் பழக்கம் மாதிரி. பார்த்தால் தலையாட்டுவார், மற்றபடி தொந்தரவு செய்யமாட்டார். அவருக்கே இப்போது கொஞ்சம் பயமாக இருந்தது. நல்ல பயம்தான். ஒரு வழுக்கைத் தலை தரையை நோக்கிக் குனிகிறது, ஊரே அதன் பின்னால் குனிகிறது. இது எந்த வியாபாரத்திலும் அவர் பார்க்காத சங்கதி.

தானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று கை அரித்தது. ஆனால் அதை வெளியே சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. பெட்டிகள் கட்டுவதற்குக் கல்லாவுக்கு வரும்போது ரகசியமாக ஒரு வேலை செய்தார். வளர்கிற பிள்ளைகளுக்கு அளவாகவா வாங்குவார்கள்? முழங்காலார் அந்தப் பக்கம் திரும்பியதும், ஒவ்வொரு ஜோடியையும் எடுத்துவிட்டு ஒரு நம்பர் பெரிசாக மாற்றிவைத்துக் கட்டினார். இரண்டு வருஷம் தாங்கும். யாருக்கும் தெரியாத தன்னுடைய பங்கு அது என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

நாற்பத்தொரு பெட்டியும் பரணில் சேர்ந்தன. பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிறு மதியம், கடை வண்டியில் ஏற்றிக்கொண்டு கல்குவாரிக்குப் போனார்கள். பார்க்காமல் இருக்க முடியாது என்று முதலாளியம்மாவும் ஏறிக்கொண்டார்.

தகரக் கொட்டகையில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை காலும் தேய்த்துக் கழுவியிருந்தது. பின்னால் அம்மாக்களும் அப்பாக்களும் நின்றார்கள். டீச்சரக்கா ஜெபம் செய்து முடித்ததும் முன்பல் போன ஒரு சின்னப் பெண்தான் முதலில் வந்தாள். முழங்காலார் மண்டியிட்டு, ஷூவை மாட்டி, வார்ப்பட்டையைப் போட்டார்.

"ரெண்டடி நட கண்ணு."

அவள் நடந்தாள். ஷூ நடக்கவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது. கொட்டகை முழுக்கச் சிரிப்பு. அவளும் சிரித்தாள்.

இரண்டாவது பையன். கால் உள்ளே போய்க் காணாமல் போனது. இன்னும் சிரிப்பு. மூன்றாவது பிள்ளைக்கும் அதே கதை. நாலாவதுக்கு யாரும் சிரிக்கவில்லை. முழங்காலார் நுனியைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் எங்கேயோ போய்த்தான் முட்டியது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மூணு நம்பர்," என்றார் மெதுவாக. "மூணு நம்பர் பெரிசா இருக்கு. எப்படி? நான் ஒரு நம்பர்தான கூட்டி எழுதினேன்."

"நீங்க கூட்டினீங்களா?" என்றார் டீச்சரக்கா. "ஐயோ அண்ணே. வளர்ற பிள்ளைங்களாச்சேன்னு நானே பென்சில ஒரு நூல் தள்ளிப் பிடிச்சுத்தான் வரைஞ்சேன்."

இரண்டு நம்பருக்குக் கணக்கு வந்துவிட்டது. இரண்டு பேரும் மூன்றாவதைத் தேடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளியம்மா வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் முன்பல் போனவள் அந்தப் பெரிய ஷூவை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று அவளுக்குப் பயம்.

"நான்தான் அண்ணே," என்றார் முதலாளியம்மா. "கட்டும்போது நானும் ஒண்ணு கூட்டிட்டேன்."

ஒருவர் குறைத்திருந்தால் திட்டலாம். மூன்று பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் கூட்டியிருந்தார்கள். யாரை என்ன சொல்வது? மறுநாள் காலை தலைமையாசிரியை வாசலில் நிற்பார். நாற்பத்தொரு இடமும் கையைவிட்டுப் போகும்.

முழங்காலார் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே முழங்காலில் இருந்தார். பிறகு கண்ணைத் திறந்து சட்டைக் கையை மடித்துவிட்டார். "எல்லாப் பெட்டியையும் திறங்க. பெரிய பிள்ளைங்கள முன்னால அனுப்புங்க."

யோசித்துப் பார்த்தால் சுலபம்தான். சின்னவனுக்கு மூன்று நம்பர் பெரிசாக இருப்பது அவனைவிட மூன்று நம்பர் பெரியவனுக்குக் கச்சிதம். பெட்டிகள் கைமாறின. பெயர் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். ஒவ்வொரு பிள்ளையாக மாட்டி, அழுத்தி, நடக்கவிட்டு, அடுத்தது. வெயில் சாயத் தொடங்கியபோது முப்பது பேர் கொட்டகைக்குள் டக்டக்கென்று நடந்துகொண்டிருந்தார்கள். மிச்சம் நின்றது ஆகச் சின்னவர்கள் பதினொரு பேர், ஆகப் பெரிய ஷூக்கள் பதினொரு ஜோடி.

முதலாளியம்மாவுக்கு உயிர் வந்தது. இதற்கு என்ன, தன்னுடைய கடைதானே. "அந்தப் பதினொண்ணையும் வண்டியில ஏத்துங்க. கடையத் திறந்து சின்னதா மாத்திக்கிட்டு வந்துடலாம்," என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அந்தப் பதினொரு பெட்டிகளும் காலியாக இருந்தன.

முன்பல் போனவளின் அம்மா ஒரு ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாள். வேறொன்றுமில்லை, முழங்காலார் செய்தது போல நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்திருக்கிறாள். அதை அவர் கவனித்துவிட்டார். டீச்சரக்காவின் முக்காலியை இழுத்துப் போட்டு, கடைக்கு வரும் எந்த அம்மாவிடமும் சொல்வது போல, "உக்காருங்கம்மா," என்றிருக்கிறார். அவள் பின்னால் நகர்ந்திருக்கிறாள். கால் அழுக்காக இருக்கிறது என்றிருக்கிறாள். அவர் தன் கைக்குட்டையை எடுத்து அவள் பாதத்தைத் துடைத்தார். முதலாளியம்மா திரும்பியது அந்த நேரத்தில்தான்.

கல்லாவின் உயரத்திலிருந்து பத்தொன்பதாயிரம் தடவை பார்த்த காட்சி அது. ஒரு மனிதர் குனிந்து இன்னொருவர் காலில் ஷூ மாட்டுகிறார். முதலாளியம்மா வண்டியை மறந்து அப்படியே நின்று பார்த்தார்.

"ரெண்டடி நடந்து பாருங்கம்மா. கடிக்குதா?"

அவள் கொட்டகையைவிட்டு வெளியே இறங்கினாள். கல் மேல் கால் வைத்தாள். கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. இன்னும் ஒரு அடி, இன்னும் ஒரு அடி. பிறகு தலையை நிமிர்த்தினாள். பிறந்ததிலிருந்து தரையைப் பார்த்தே நடந்தவள், அந்த வழி முழுக்கத் தரையைப் பார்க்காமல் நடந்துபோய்த் திரும்பிவந்தாள்.

"கடிக்கல," என்றாள்.

அவளுக்குப் பின்னால் இன்னும் பத்து அம்மாக்கள், ஆளுக்கு ஒரு ஜோடியைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

முதலாளியம்மா பழுப்புத் தாளையும் பென்சிலையும் தேடி எடுத்தார். கடையில் ஒரு நாளும் யாருக்கும் மண்டியிடாதவர், அந்தக் கல்தரையில் முழங்காலைப் போட்டார். பதினொரு சின்னவர்களில் முதல் பையன் தாளில் ஏறி நின்றான். கல் அவர் முட்டியில் குத்தியது. முகம் சுளித்ததைப் பையன் பார்த்துவிட்டான்.

"வலிக்குதா ஆன்ட்டி?"

"கொஞ்சம்."

"பாத்து வைக்கணும் ஆன்ட்டி. நாங்கல்லாம் பாத்துதான் வைப்போம்."

முதலாளியம்மாவுக்குப் பென்சில் முனை மங்கலாகத் தெரிந்தது. முழங்காலார் பக்கத்தில் வந்து குனிந்தார். "பென்சில நேரா பிடிங்கம்மா. காலோட ஒட்டி."

"தெரியும் அண்ணே. ஒண்ணும் கூட்டல."

பதினொரு கால்களையும் வரைந்துகொண்டு போய்க் கடையைத் திறந்து, அலமாரியிலிருந்து பதினொரு ஜோடியை அவரே எடுத்தார். இதற்கும் ஆள் பார்க்கிறேன் என்று முழங்காலார் இழுத்தார். "இது என் பங்கு. பேசாம தூக்குங்க," என்று அவர் வாயை அடைத்துவிட்டார். இருட்டுவதற்குள் பதினொரு பேரும் நடந்து பார்த்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை தலைமையாசிரியை வாசலில் நின்று எண்ணினார். நாற்பத்தொன்று வந்தது. பின்னாலேயே, பிள்ளைகளைக் கொண்டுவிட வந்த பதினொரு பெண்கள், அதே கறுப்புப் பள்ளி ஷூவில். கறாரான பெண்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த வருஷம் இரண்டாம் மாதம் வந்தது, போனது. யாரும் நிற்கவில்லை.

அடுத்த வருஷம் பள்ளி திறக்கும் முன்பே டீச்சரக்கா தாள்களை அனுப்பிவிட்டார். இந்தத் தடவை கட்டு இரண்டு மடங்கு கனம். முழங்காலாரின் கால்சட்டையில் புது ஒட்டுத்துணி. கல்லாவில் வேறொருவரை உட்காரவைத்துவிட்டு, அவருக்கு எதிர்வரிசையில் முதலாளியம்மாவும் மண்டியிட்டிருந்தார். முட்டி வலி அவருக்கு இன்னும் பழகவில்லை. புலம்பலும் குறையவில்லை. அந்த அம்மாக்கள் போட்டுக்கொண்ட பதினொரு ஜோடியில் ஒன்றைக்கூட நான் திரும்பக் கேட்கவில்லை தெரியுமா என்று இடையிடையே சொல்லிக்கொள்வார், தானே நம்பாதவர் போல.

ஒருவர் மகளுக்கு வாங்கிமுடித்து, தாளைக் குனிந்து பார்த்தார். குறி வைக்க இடமில்லாத அளவுக்கு அந்தத் தாளில் குறிகள்.

"என்னங்க இது, பிள்ளை கால் மாதிரி இல்லையே? இவ்வளவு பெரிசா இருக்கு?"

"பிள்ளையோட அம்மா கால்," என்றார் முதலாளியம்மா.

"சரி, குடுத்துடலாம். எதுக்கும் ஒரு நம்பர் பெரிசாவே போடுங்க."

முதலாளியம்மா நிமிர்ந்து எதிர்வரிசையைப் பார்த்தார். அங்கே வழுக்கைத் தலை குனிந்து யாருக்கோ வார் போட்டுக்கொண்டிருந்தது.

"வேணாங்க," என்றார். "இது இனிமே வளராது. சரியான அளவாவே குடுப்போம்."